ஊசியைப் பற்றி நான் சொன்ன நல்ல வார்த்தைகள்

ஃபோனில் என் குரல் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நேரில் அப்படியொன்றும் பிரமாதமில்லை, நீங்களே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள், கொஞ்சம் மூக்கால் பேசுவது போலிருக்கும். ஃபோனில் மட்டும் எங்கிருந்தோ ஒரு கனம் வந்து ஒட்டிக்கொள்ளும். நாலும் தெரிந்த, நிதானமான, பெரிய மனிதரின் குரல். கடன் வேண்டுமா என்று கேட்க அழைக்கிற பெண்கள்கூட என் ‘ஹலோ’வைக் கேட்டதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நடந்ததில் பாதிப் பங்கு இந்தக் குரலுக்கு உண்டு. மீதிப் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். ஜன்னல் பக்கம் இருப்பதில் உட்காருங்கள். குளிர்பெட்டியின் இரைச்சல் பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

எங்கள் இதய ஆய்வகத்துக்குப் படியளக்கிற அறக்கட்டளையிலிருந்து வந்திருக்கிறீர்கள். அடுத்த மாதம் எனக்கு ஓய்வு வயது. அதற்குப் பிறகும் ஆய்வகத்தை என் பொறுப்பிலேயே விட்டுவைப்பதா, வேறு யாரிடமாவது கொடுப்பதா என்று நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். விட்டுவைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்ன ஆசை, எனக்கு வேறு போக்கிடமில்லை. வீட்டில் உட்கார்ந்தேன் என்றால் என் மனைவி இரண்டு வாரத்தில் என்னைப் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுவாள்.

அதற்காக நீங்கள் இங்கே ஆராய்ச்சி செய்துவிட்டுப் போனவர்களை ஒவ்வொருவராக அழைத்து, இப்போது என்ன செய்கிறார்கள் என்று விசாரித்திருக்கிறீர்கள். நல்ல காரியம். விசாரித்ததில் உங்களுக்கு ஒரு குழப்பம். கெட்டிக்காரர்கள் எல்லாம் சம்பந்தமில்லாத வேலைகளில் ஒதுங்கிக் கிடக்கிறார்கள், சுமாரானவர்கள் எல்லாம் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், இது எப்படி என்று கேட்டீர்கள். நீங்கள் நாசூக்காகச் சொன்னீர்கள். சுமாரானவர்கள் இல்லை, வடிகட்டின மக்குகள். குழம்ப வேண்டாம், அவர்களை அப்படி இடம் பார்த்து உட்கார வைத்தது நான்தான்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு விண்ணப்பித்தால் பழைய பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்தைக் கேட்பார்கள். கேட்பார்களே தவிர அதை ஒருவரும் படிக்க மாட்டார்கள். கடிதத்தில் எல்லோருமே தங்கம், எல்லோருமே கடும் உழைப்பாளிகள். அதனால் வேலை கொடுக்கப் போகிறவர் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு ஃபோனை எடுப்பார். “சார், நமக்குள்ள இருக்கட்டும், ஆளு எப்படி?” என்பார். அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலில்தான் அந்த ஆளின் எதிர்காலம் இருக்கிறது.

நான் யாரைப் பற்றியும் பொய் சொன்னதில்லை. புறணி பேசுவது எனக்குப் பிடிக்காது, அப்பா என்னை அப்படி வளர்த்தார். கெட்டிக்காரர்களைப் பற்றிக் கேட்டால் பாராட்டத்தான் செய்வேன். “நல்ல பொண்ணு சார். இப்பல்லாம் கரெக்டா நேரத்துக்கு வந்துடறா” என்பேன். அவள் சேர்ந்த நாளிலிருந்தே நேரத்துக்கு வருகிறவள்தான். எதிர்முனையில் இருப்பவர் ‘அப்படியானால் முன்பெல்லாம்?’ என்று தனக்குள் கேட்டுக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? “கொஞ்சம் தட்டிக்கொடுத்து வெச்சுக்கிட்டா தங்கமா வேலை செய்வான் சார்” என்பேன். தட்டிக்கொடுத்தால் யார்தான் செய்ய மாட்டார்கள்? “ரிசல்ட்டையெல்லாம் நான் ஒரு தடவை செக் பண்ணிடுவேன், அதனால இதுவரைக்கும் பிரச்சினை வரல” என்பேன். எல்லோருடைய முடிவுகளையும் நான் சரிபார்ப்பேன், அதற்குத்தானே எனக்குச் சம்பளம். சில சமயம் வார்த்தைகூடத் தேவைப்படாது. “அவரை நம்பி ஒரு குழுவைக் கொடுக்கலாமா?” என்று கேட்பார்கள். நான் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, “தாராளமா” என்பேன்.

மக்குகள் விஷயத்தில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. ஓட்டைக்கை என்று ஒருவன் இருந்தான். பெயர் நான் வைத்தது. அவன் கையில் எது போனாலும் தரையில்தான் போய் நிற்கும். ஒருநாள் இந்தக் குளிர்பெட்டியின் கதவைச் சாத்தாமல் சாப்பிடப் போய்விட்டான். திரும்பி வந்தபோது ஒரு வருடமாகச் சேர்த்துவைத்த இதயத் திசுக்கள் எல்லாம் உருகி வாசல்வரை ஓடியிருந்தன. அவன் பதறவில்லை. துடைப்பம் கொண்டுவந்து பொறுப்பாகத் துடைத்து, ஈரம் காயும்வரை யாரும் வழுக்கி விழாமல் காவலுக்கு நின்றான். அடுத்த மாதமே ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து அவனைப் பற்றிக் கேட்டு ஃபோன் வந்தது. “சார், இந்த மாதிரி ஒருத்தனை என் சர்வீஸ்ல பாத்ததில்ல” என்றேன். சத்தியமான வார்த்தை. இப்போது அவன் அந்த இதய ஆராய்ச்சி நிறுவனத்துக்கே இயக்குநர். காரும் டிரைவரும் கொடுத்திருக்கிறார்கள், கார்க் கதவை டிரைவர் சாத்திவிடுகிறாராம்.

ஆமாஞ்சாமி என்று இன்னொருவன். பிறந்ததிலிருந்து யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லியறியாதவன். நான் அவனைப் புதிய மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கிற குழுவுக்கு அனுப்பி வைத்தேன். ‘முடியாது’ என்று சொல்வதற்கென்றே வைத்திருக்கிற குழு அது. இதயத் துடிப்பைச் சீராக்குகிற மாத்திரை ஒன்று அவன் சம்மதத்தோடு கடைக்கு வந்தது. சாப்பிட்டவர்களில் சிலருக்குத் துடிப்பு ஒரேயடியாகச் சீராகிவிட்டது என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். புகைப்படங்களும் இருந்தன. நான் அன்றைக்குக் குறுக்கெழுத்துப் பக்கத்துக்குப் போய்விட்டேன். வருத்தமான விஷயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் இங்கேயே இருந்திருந்தால் என் ஆய்வுக் கட்டுரைகளின் கதி என்ன என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

கெட்டிக்காரர்களை நான் விரட்டினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர்கள் என்னோடு இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். இருக்க மாட்டேன் என்று போனார்கள். ரத்த ஓட்டத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியவன் ஒருவன், ஏழெட்டு இடத்தில் வேலை கிடைக்காமல் வெறுத்துப் போய், இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். எங்கே நெரிசல் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறான் என்று அவனிடம் படித்தவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். இதயத் தசையைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த ஒருத்தி காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறாள். மாரடைப்பு என்று பணம் கேட்டு வருகிறவர்களுக்கு, உங்களுக்கு வந்தது மாரடைப்பே இல்லை என்று எழுதி அனுப்புவது அவள் வேலை. நல்ல சம்பளம் என்று கேள்வி.

ஊசி, இதுவும் நான் வைத்த பெயர்தான், அவள் மட்டும்தான் என்னோடு கடைசிவரை இருந்தாள். நீங்கள் கேட்க வந்ததும் அவளைப் பற்றித்தான், எனக்குத் தெரியும்.

அவள் கையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். சுண்டெலியின் இதயம் ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும். அது துடித்துக்கொண்டே இருக்கும்போது, அதன்மேல் ஓடுகிற தலைமயிரைவிட மெல்லிய ரத்தக்குழாயைச் சுற்றி ஒரு நூலைக் கட்ட வேண்டும். கட்டினால் எலிக்கு மாரடைப்பு. பிறகு அவிழ்த்துவிட்டால், செத்துக்கொண்டிருக்கிற தசை எப்படிப் பிழைத்துக்கொள்கிறது என்று பார்க்கலாம். எங்கள் ஆராய்ச்சியே இதுதான். மற்றவர்கள் கட்டினால் முக்கால்வாசி எலிகள் மேசையிலேயே போய்விடும். ஊசி கட்டினால் எலி எழுந்து மீசையைத் துடைத்துக்கொண்டு இரை தேடும். என் பெயரில் வந்திருக்கிற நல்ல கட்டுரைகள் அத்தனைக்கும் அடியில் அவள் போட்ட முடிச்சு இருக்கிறது. இப்படி ஒரு கையை யாராவது வெளியே விடுவார்களா?

அவளுக்கோ போக வேண்டும். கணவனுக்கு வேறு ஊரில் வேலை, அந்த ஊரில் இவளுக்கென்று ஒரு சின்ன ஆய்வகம் கிடைத்தால் போதும், குடும்பம் ஒன்றாக இருக்கும் என்பாள். வேறு எதுவும் அவள் கேட்டதில்லை. முதல் முறை அங்கிருந்து எனக்கு ஃபோன் வந்தபோது அவள் கர்ப்பமாக இருந்தாள். நான் நல்ல வார்த்தைகள் சொன்னேன். வேலை கிடைக்கவில்லை. குழந்தை நடக்கத் தொடங்கியபோது இரண்டாவது ஃபோன். பள்ளியில் சேர்ந்தபோது இன்னொன்று. அப்பா விடுமுறைக்கு மட்டும் வந்து போகிறவர் என்பதால் குழந்தை அவரை ‘மாமா’ என்று கூப்பிடும். ஒருநாள் அதை இங்கே கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஃபோனில் அவர் படத்தைக் காட்டி, “இது யாரு சொல்லு?” என்று நான் கேட்டேன். “லீவு மாமா” என்றது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஊசி மட்டும் கை கழுவப் போய்விட்டாள்.

ஒவ்வொரு முறையும் அவளைத் தேற்றியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். இதே அறையில், அந்த ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்துதான் அழுவாள்.

“இன்டர்வியூ நல்லாத்தான் சார் போச்சு. எப்ப சேர முடியும்னுகூடக் கேட்டாங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னே தெரியல. எங்கிட்ட என்ன சார் குறை?”

“உங்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா.”

மனதார, நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். கைக்குட்டை கொடுத்தேன். மெஷினிலிருந்து நானே காபி பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். நேர்காணலில்தான் எங்கேயோ கோட்டை விடுகிறோமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. நான் சனிக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து அவளுக்கு மாதிரி நேர்காணல் நடத்தினேன். “கொஞ்சம் கம்மியா சிரிம்மா, சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க” என்று சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் நேர்காணலில் மட்டுமல்ல, பொதுவாகவே சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள். எவ்வளவு அக்கறையாகக் கற்றுக்கொள்கிற பெண் என்று எனக்கு மனம் உருகிவிட்டது. அவளுக்காக நான் செலவழித்த நேரத்தை என் சொந்தப் பிள்ளைகளுக்குச் செலவழித்ததில்லை.

என் மனைவிக்கு இது தெரியும். நான் வீட்டில் ஃபோன் பேசுவதைக் கேட்டிருக்கிறாள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, “அந்தப் பொண்ணு பாவத்தக் கொட்டிக்காதீங்க, விட்டுடுங்க” என்றாள். நான் நல்லபடியாகத்தானே சொன்னேன் என்றேன். “சரி, என்னைப் பத்தி யாராவது கேட்டா என்ன சொல்வீங்க?” என்றாள். நான் யோசித்துப் பார்த்து, “இப்பல்லாம் நல்லா சமைக்கிறா” என்றேன். அன்றிலிருந்து ஒரு வாரம் எங்கள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. சமையலும் இல்லை. பெண்களுக்குப் பாராட்டை ஏற்றுக்கொள்ளத் தெரியாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இப்படியே போயிருக்கும். கெடுத்தது ஓட்டைக்கைதான்.

ஊசியின் கணவன் இருந்த ஊரில்தான் இவனுடைய நிறுவனம். அங்கே துணை இயக்குநர் பதவிக்கு ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஊசி விண்ணப்பித்தாள். அதற்குள் அவளுக்கு நம்பிக்கையே போய்விட்டிருந்தது. இதுவும் இல்லையென்றால் இந்தத் துறையே வேண்டாம், கணவனோடு போய் ஏதாவது கடையில் கணக்கு எழுதுகிறேன் என்று என்னிடமே சொன்னாள். நான் பதறிவிட்டேன். கடைக்குப் போனால் எனக்கு முடிச்சுப் போட யார் இருக்கிறார்கள்? வேலை கிடைக்கக் கூடாது, அவள் மனமும் உடையக் கூடாது. இரண்டையும் எப்படிச் செய்வது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அவன் ஃபோன் வந்தது.

“சார், நம்ம ஊசி அப்ளை பண்ணியிருக்கா. எடுத்துக்கலாமா?”

“நல்ல பொண்ணுப்பா. இப்பல்லாம் கரெக்டா நேரத்துக்கு வந்துடறா.”

“அது போதும் சார். இங்க ஒருத்தனும் நேரத்துக்கு வர்றதில்ல. நான் உட்பட.”

“கொஞ்சம் தட்டிக்கொடுத்து வெச்சுக்கணும்.”

“தட்டிக்கொடுத்துட்டாப் போச்சு சார். அதுக்கென்ன காசா பணமா?”

“ரிசல்ட்டையெல்லாம் நான் ஒரு தடவை செக் பண்ணிடுவேன். அதனால பிரச்சினை வரல.”

“நீங்களே செக் பண்ணதுன்னா அப்புறம் அப்பீலே இல்ல சார். அவளை நம்பி இன்ஸ்டிட்யூட்டையே கொடுக்கலாம்னு சொல்றீங்க, இல்லையா?”

நான் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். இன்னொரு வாய் குடித்தேன். பாட்டிலையே காலி செய்தேன்.

“தண்ணி குடிக்கிறீங்களா சார்? குடிங்க, குடிங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

அப்போதுதான் எனக்கு என் தவறு புரிந்தது. என்னுடைய முறை புத்திசாலிகளிடம் மட்டுமே பலிக்கும். பாதி சொன்னால் மீதியைத் தானே ஊகித்துக்கொள்கிற ஆட்களுக்காகச் செய்தது அது. இவனுக்குப் பாதி சொன்னால் பாதிதான் கேட்கும். தேடிப் பிடித்து அவனை அந்த நாற்காலியில் உட்கார வைத்ததும் நானே. அப்போதாவது ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு நாக்கு வரவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

வேலையைக் கொடுத்ததோடு விட்டானா? நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும், சந்தோஷத்தில், ஒன்றுவிடாமல் அவளிடம் ஒப்பித்திருக்கிறான். ‘சார் உன்னைப் பத்தி எவ்வளவு நல்லா சொன்னாரு தெரியுமா’ என்று தொடங்கித் தண்ணீர் குடித்ததுவரை சொல்லியிருக்கிறான். அவள் புத்திசாலி.

மறுநாள் வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

“நேரத்துக்கு வந்துடறேன்னு சொன்னீங்களாமே சார்.”

“நல்லதாத்தானேம்மா சொன்னேன்.”

“ஆமா சார். இதுக்கு முன்னாடி கேட்டவங்ககிட்டயும் இதேதான் சொன்னீங்களா?”

“இதேதான்” என்றேன். அவளிடம் நான் பொய் சொல்வதில்லை.

கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்துவாள், குறைந்தபட்சம் அழுவாள் என்று எதிர்பார்த்து நான் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, “வேணாம் சார், நீங்களே வெச்சுக்கங்க” என்றாள். பிறகு, “எம்பொண்ணு இன்னும் அவரை மாமான்னுதான் சார் கூப்பிடறா” என்றாள். குழந்தைகள் சீக்கிரம் பழகிக்கொள்ளும் என்று நான் ஆறுதல் சொன்னேன். அவள் நுண்ணோக்கி அறையின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது இங்கே எலிகள் ஏராளமாகச் சாகின்றன. நீங்கள் வருகிறீர்கள் என்று இன்றைக்கு அறுவை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவுதான் விஷயம். நான் எதையும் மறைக்கவில்லை, ஏனென்றால் இதில் மறைக்க ஒன்றுமில்லை. நல்ல கைகளை ஆய்வகத்துக்குக் காப்பாற்றினேன், ஆகாதவற்றை வெளியே தள்ளினேன். உங்கள் பணத்தைக் கட்டிக் காத்தேன் என்றுகூட எழுதலாம். யாருக்காவது என்மேல் மனத்தாங்கல் இருக்குமோ என்று ஒரு சின்னக் கவலை மட்டும் இருந்தது. அதனால்தான் ஊசியிடம் பேசினீர்களா, ஆய்வகத்தை என்னிடமே விடலாமா என்று கேட்டதற்கு அவள் என்ன சொன்னாள் என்று சற்று முன் உங்களிடம் வாய்விட்டுக் கேட்டேன். நீங்கள் சொல்லத் தயங்கினீர்கள். பிறகு அவள் வார்த்தைகளை அப்படியே சொன்னீர்கள்.

“சார் நல்ல மனுஷர்தான். போன வருஷத்துலேருந்து அவரைப் பத்தி ஒரு புகாரும் என் காதுக்கு வரல. கூடவே ஒருத்தர் இருந்து பாத்துக்கிட்டா, ஆய்வகத்தைத் தாராளமா அவர்கிட்டயே விடலாம்.”

கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, நீங்களே பார்த்தீர்கள். பதில் சொல்லுமுன் வெகுநேரம் பேசாமலே இருந்தாள் என்றீர்களே, அழுகையை அடக்கிக்கொண்டிருப்பாள், நெகிழ்ந்துபோனால் அவள் அப்படித்தான். என் உடம்பைப் பற்றிய கவலை வேறு பாருங்கள், கூடவே ஒருத்தர் வேண்டுமாம். பேனாவை ஏன் மூடிவிட்டீர்கள்? சரி, கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாகிவிட்டது போலிருக்கிறது. புதுக் குளிர்பெட்டி ஒன்று தேவைப்படும், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய பதவியில் உட்கார்ந்த பிறகும் என்னை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.